யாருக்கு உச்சவரம்பு?

லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணி 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அமெரிக்க பேஸ்பாலின் 'வேர்ல்டு சீரிஸ்' பட்டத்தை வென்றது. உடனே பழைய ஒப்பாரி புதிய சுருதியில் தொடங்கிவிட்டது. பணக்கார அணியே வெல்லுமானால் ஆட்டத்தில் என்ன சுவாரசியம்? ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைத்தால்தான் அணிகளிடையே சமநிலை பிறக்குமாம். அணி முதலாளிகள் இப்படிச் சொல்வதில் வியப்பில்லை. ரசிகர்களும் விமர்சகர்களும் அதையே வேதவாக்காகத் திருப்பிச் சொல்வதுதான் நம்மை எழுதவைக்கிறது.

சமநிலை தேவை என்பதில் நமக்குப் பிணக்கில்லை. விளையாட்டு மற்ற வணிகங்களைப் போன்றதன்று. எதிராளியை ஒழித்துக்கட்டியவன் தன் கடையையும் மூட வேண்டியதுதான். முடிவு முன்பே தெரிந்த ஆட்டத்துக்கு யார் சீட்டு வாங்குவார்கள்? நம் கேள்வி ஒன்றே ஒன்று: அந்தச் சமநிலைக்கான விலையை யார் கொடுப்பது?

இந்தக் கேள்விக்கு பேஸ்பால் முதலாளிகள் 1879-லேயே விடை கண்டுவிட்டனர். 'ரிசர்வ்' ஷரத்து என்று அதற்குப் பெயர். ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் ஆட்டக்காரன் அதே அணிக்கே உரியவன். வேறு அணியோடு பேரம் பேச அவனுக்கு உரிமை இல்லை. ஆனால் அணியோ அவனை யாருக்கும் விற்கலாம். இல்லையேல் செல்வந்த அணிகள் திறமை அனைத்தையும் வாங்கிக் குவித்துவிடும் என்று ஒரு நூற்றாண்டுக் காலம் நியாயம் சொன்னார்கள்.

விளைந்தது என்ன? அந்த ஷரத்து முழு வலிமையோடு இருந்த 1947 முதல் 1962 வரையிலான 16 ஆண்டுகளில் நியூயார்க் யாங்கீஸ் 10 முறை பட்டம் வென்றது. ஆட்டக்காரன்தான் கட்டுண்டு கிடந்தான். அவனை விற்ற முதலாளியின் கை கட்டப்படவில்லை. பாஸ்டன் அணி பேப் ரூத்தை யாங்கீஸுக்கு விற்ற காலத்திலிருந்தே இதுதான் கதை. பொருளியலாளர் சைமன் ராட்டன்பெர்க் 1956-லேயே இதை விளக்கிவிட்டார்: திறமை எந்த அணிக்குப் போய்ச் சேரும் என்பதை இந்த ஷரத்து மாற்றுவதில்லை, அத்திறமையின் பயன் யாருடைய பைக்குப் போகும் என்பதை மட்டுமே மாற்றுகிறது.

செயின்ட் லூயிஸ் அணியில் 12 பருவங்கள் ஆடிய கர்ட் ஃப்ளட் என்ற கறுப்பின வீரர், 1969-ல் தம்மைக் கேட்காமலேயே பிலடெல்பியாவுக்கு மாற்றப்பட்டபோது போக மறுத்தார். ஆண்டுக்கு 90,000 டாலர் வாங்குபவருக்கு என்ன குறை என்று ஏளனம் செய்தார்கள். நல்ல சம்பளம் பெறும் அடிமையும் அடிமையே என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். 1972-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 3 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவருடைய ஆட்ட வாழ்க்கை அதற்கு முன்பே முடிந்துவிட்டிருந்தது.

1975 டிசம்பரில் நடுவர் பீட்டர் சைட்ஸின் தீர்ப்பு அந்த ஷரத்தை உடைத்தது. ஆட்டமே அழியும் என்றார்கள் முதலாளிகள். 1978 முதல் 1987 வரை பத்து ஆண்டுகளில் பத்து வெவ்வேறு அணிகள் பட்டம் வென்றன! புதிய ஆட்டக்காரர்களை வரிசைமுறையில் பங்கிடும் 'டிராஃப்ட்' 1965-லேயே வந்துவிட்டது. மாற்றத்தில் அதற்கும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும், ஆட்டக்காரனின் விடுதலை சமநிலையைக் குலைக்கும் என்ற வாதம் அந்தப் பத்தாண்டுகளில் பொய்த்துப்போனது.

உச்சவரம்பு உள்ள இடத்தையும் பார்த்துவிடுவோம். அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். அமைப்பில் 1994 முதல் கடுமையான உச்சவரம்பு நடைமுறையில் உள்ளது. அதற்குள்ளிருந்தே நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 2001 முதல் 2018 வரையிலான பருவங்களில் ஆறு பட்டங்களை அள்ளியது. அங்கே சிற்றணிகளை வாழவைப்பது வேறொன்று: தேசியத் தொலைக்காட்சி வருவாயை எல்லா அணிகளும் சமமாகப் பிரித்துக்கொள்வது. சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் கிரீன் பே என்ற ஊரின் அணி பெருநகர அணிகளோடு தோளுரசி நிற்பது அந்தப் பங்கீட்டால்தான். பேஸ்பாலிலோ உள்ளூர்த் தொலைக்காட்சிப் பணத்தில் ஒரு பகுதி மட்டுமே பொதுவில் வைக்கப்படுகிறது. ஏற்றத்தாழ்வின் ஊற்றுக்கண் அங்கே இருக்க, அணையை ஆட்டக்காரனின் வீட்டு வாசலில் கட்டச் சொல்கிறார்கள்.

ஷோஹெய் ஒத்தானி டாட்ஜர்ஸுடன் 2023-ல் செய்துகொண்ட 70 கோடி டாலர் ஒப்பந்தத்தைக் காட்டி, இவருக்கா அனுதாபம் என்று கேட்பவர்கள் உண்டு. அனுதாபம் கோரவில்லை நாம். அந்தப் பணம் அவருக்குப் போகாவிட்டால் சீட்டின் விலை குறையப்போவதில்லை. முதலாளியின் பெட்டியிலேயே தங்கும். அந்தப் பெட்டியின் தாராளம் எத்தகையது என்பதைச் சிறு லீக் ஆட்டக்காரர்கள் அறிவார்கள். குறைந்தபட்சக் கூலிக்காக அவர்கள் 2014-ல் தொடுத்த வழக்கு, 18.5 கோடி டாலர் இழப்பீட்டு உடன்பாட்டில் முடிய 2022 ஆயிற்று.

உச்சவரம்பு என்ற சொல் தமிழுக்குப் புதிதன்று. 1961-ன் நிலச் சீர்திருத்தச் சட்டம் அதை நில உடைமையோடு சேர்த்தே நமக்கு அறிமுகப்படுத்தியது. அங்கே வரம்பு உடையவனுக்கு. இங்கே அதே சொல் உழைப்பவனுக்கு எதிராகத் திருப்பப்படுகிறது. எழுத்தையும் சொல்லையும் நேசிப்பவர்கள் இந்தக் களவைக் கண்டும் காணாமல் இருக்கலாகாது.

முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையே 2022-ல் கையெழுத்தான ஒப்பந்தத்தின் இறுதி நாள் 2026 டிசம்பர் 1. அந்தப் பேச்சுவார்த்தையில் சமநிலை என்ற சொல் உச்சரிக்கப்படும்போதெல்லாம் கேட்க வேண்டியது இதுதான்: உங்கள் வருவாயை உங்களுக்குள் முழுமையாகப் பகிர்ந்துகொள்ளவும், பங்கு பெறும் அணி அதை ஆட்டத்துக்கே செலவிட வேண்டுமென்று விதி செய்யவும் நீங்கள் ஆயத்தமா? ஆம் என்று சொல்லட்டும். பிறகு சம்பளத்தைப் பற்றிப் பேசலாம்.