விடுபட்ட ஒரு நூற்றாண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆங்கிலக் கவிதையைப் பயில்வோர் சாஸர் முதல் மில்டன் வரை கற்றபின் நேரே வேர்ட்ஸ்வொர்த்துக்குச் சென்றுவிடலாம் என்று தங்கள் கட்டுரையாளர் எழுதியிருப்பது எனக்கு மிகுந்த வருத்தமளிக்கிறது. 1751-இல் வெளிவந்த தாமஸ் கிரேயின் இரங்கற்பா, கிராமத்து இடுகாட்டில் பெயர் விளங்காது மறைந்த ஏழை உழவர்களைக் காவிய நாயகர்க்குரிய கம்பீரத்தோடு நினைந்து பாடியதையும், 1770-இல் கோல்ட்ஸ்மித், செல்வர்களின் போகத்துக்காக நிலமிழந்து கடல்கடந்த குடியானவர்களின் துயரத்தை, கவிஞர் போப் அங்கதத்துக்குக் கையாண்ட அதே ஈரடி யாப்பில் உருக்கமாய் வடித்ததையும் அறியாத மாணவன், 1798-இல் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகளைத் தாங்கிவந்த 'லிரிகல் பாலட்ஸ்' தொகுப்பு எளிய மக்களைப் பாடியபோது அந்த அனுதாபம் எந்த ஊற்றிலிருந்து பெருகிற்று என்பதை எங்ஙனம் உணர்வான்? போப்பையேனும் ஒருவாறு ஒத்திவைக்கலாம். கிரேயையும் கோல்ட்ஸ்மித்தையும் மாணவர் கையிலிருந்து பறிப்பது நியாயமன்று.

இங்ஙனம்,
ஒரு வாசகர்