மாதாவும் பிதாவும் வாசலுக்கு வெளியே

தலவிலைப் புனித அன்னம்மாள் திருத்தலத்திற்கு மார்ச்சிலும் ஆகஸ்ட்டிலும் திருவிழாக் காண வருவோர் தொகை பெரிது. பாலாவியிற் பிரிந்து கற்பிட்டி நோக்கிச் செல்லும் வீதி அந்நாள்களில் நிரம்பி வழியும். மரியாளைப் பெற்ற தாயிடம் தம் பிள்ளைகளுக்காக நேர்த்தி வைப்போர் அவர்களுட் பலர். பிள்ளையின் நோய் தீரவும் படிப்பு வளரவும் விண்ணகம் வரை முறையிடத் தயங்காத அதே பெற்றோர், அப்பிள்ளை அநியாயமாகத் தண்டிக்கப்படும்போது ஊர்ப் பாடசாலை அதிபரின் அறை வரை செல்லத் தயங்குகின்றனர். இத்தயக்கத்தைப் பணிவென்று போற்றிப் பழகிவிட்டோம். அதனை அச்சமென்றே நான் அழைப்பேன்.

இக்கரையின் கடற்றொழிலாளர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். சோளகம் எழுந்து மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வேறு கரை தேடி வாடி மாறுவது நெடுங்கால வழக்கம். குடும்பமும் உடன் சென்றால் பிள்ளையின் வரவு இடாப்பில் வெற்றிடம் விழும். திரும்பி வரும் பிள்ளை ஒழுங்கற்றவன் எனப்பட்டு வெயிலில் முழந்தாளிட நேரின், காற்றின் திசைக்குப் பத்து வயதுச் சிறுவனா பொறுப்பாளி? கேட்கச் செல்லும் தந்தைக்கு, “அப்படியானால் வேறிடத்திற் சேர்த்துக்கொள்ளும்” என்ற ஒரு சொற் போதும். விடுகைப் பத்திரம் என்னும் தாளுக்கு அஞ்சி அவர் திரும்பிவிடுவார்.

இவர் வாயை அடைப்பதற்கு நம்மவரிடம் பழமொழிகளும் உண்டு. அடியாத மாடு படியாது என்பர். பிள்ளையை மாடாக்கிய பின்னர் விவாதம் எதற்கு? மாதா, பிதா, குரு, தெய்வம் என்று வரிசை கூறுவோரும் உளர். அவ்வரிசையிற் குரு மூன்றாம் இடத்தவர் என்பதை மட்டும் அவர்கள் வசதியாக மறந்துவிடுகின்றனர்.

சட்டம் கூறுவதையும் நோக்குவோம். 1939 ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் ஆசிரியர் தண்டிக்கும் உரிமைக்கு இடம் வைத்தது. கல்வி அமைச்சின் 2005 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையோ உடற்றண்டனையைத் தடை செய்தது. 2016 ஆம் ஆண்டில் இன்னொரு சுற்றறிக்கையும் வெளிவந்தது. சுற்றறிக்கை கோவையில் உறங்கப் பிரம்பு மேசையில் விழித்திருந்தது.

அதனை அசைத்தவர்கள் பெற்றோரே. 2017 ஆம் ஆண்டில் மாத்தறை மாவட்டப் பாடசாலையொன்றில் ஆசிரியர் அறைந்ததனால் மாணவன் ஒருவனின் செவி பழுதுற்றது. தாயும் தந்தையும் மகனோடு சேர்ந்து உயர் நீதிமன்றம் சென்றனர். 2021 பெப்ரவரி 12 அன்று நீதியரசர் எஸ். துரைராஜா எழுதிய தீர்ப்பில், அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை மீறப்பட்டதென நீதிமன்றம் கண்டது. அரசு ஐந்து இலட்சம் ரூபாவும், ஆசிரியர் தம் கையிலிருந்து ஒன்றரை இலட்சம் ரூபாவும் செலுத்துமாறு பணிக்கப்பட்டனர். நான்கு ஆண்டுகள் அக்குடும்பம் காத்திருந்தது என்பதையும் மறத்தலாகாது.

செவி பழுதுற்றாற்றான் பெற்றோர் பேசலாம் என்பதில்லை. ஸ்கொட்லாந்தின் கௌடன்பீத் ஊரில் 1976 ஆம் ஆண்டு ஜெஃப்ரி கோசன்ஸ் என்ற மாணவன், மயானத்தினூடாகக் குறுக்கு வழியில் வீடு செல்ல முயன்றதற்காகத் தோல்வாரால் அடிக்கப்பட இருந்தான். தந்தை சொற்படி அவன் கையை நீட்ட மறுத்தான். பாடசாலை அவனை இடைநிறுத்திற்று. ஓர் அடியும் விழவில்லை. ஆயினும் அவனுடைய தாயும் கம்பெல் என்ற இன்னொரு தாயும் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தில் வழக்காடி 1982 இல் வென்றனர். பெற்றோரின் கொள்கையைப் பாடசாலை மதித்தல் வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். 1986 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரித்தானிய அரச பாடசாலைகளில் அத்தண்டனை ஒழிந்தது.

நாற்பது பிள்ளைகளை ஓர் அறையில் வைத்து மாரடிக்கும் ஆசிரியரின் துயரை நான் அறியாதவனல்லன். ஆட்களைத் திரட்டி வந்து ஆசிரியரை அடிப்பவரைப் பெற்றோர் உரிமையின் காவலர் என்று கொள்ளவும் மாட்டேன். அவர் பிரம்பைக் கைமாற்றுகிறார், அவ்வளவே. நான் வேண்டுவது கேள்வி கேட்கும் உரிமை. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் மதில் கட்டவும் சிரமதானம் செய்யவும் பெற்றோர் அழைக்கப்படுகின்றனர். தண்டனை பற்றி வாய் திறந்தால் மட்டும் அது நிருவாக விடயமாகிவிடுகிறது!

அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துள் தாக்கல் செய்தல் வேண்டும் என்பது 126 ஆம் உறுப்புரை. அம்மாதத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நடைபெறும் காலம் அக்கணக்கிற் சேராது என்கிறது 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம். தலவிலைத் தந்தைக்கு இதனைச் சொன்னவர் யார்? அதிபரிடம் போவதா என்று அவர் தடுமாறுவதற்குள் அந்த முப்பது நாள்களும் கழிந்துவிடும்.

இவ்விதழைப் படிப்போருட் பலர் நாளை ஆசிரியராவர், சிலர் அதிபராவர். அதிபர் அறையின் நாற்காலியில் கல்விப் பணிப்பாளர் அமர்வார், நன்கொடையாளர் அமர்வார். வலை இழுத்த கையோடு வரும் தந்தை நின்றுகொண்டே பேசுகிறார். அவரை அமரச் செய்யுங்கள். தண்டிப்பதற்கு முன் பிள்ளை கூறுவதைப் பெற்றோர் முன்னிலையிற் கேளுங்கள். காரணத்தை எழுதிக் கையொப்பமிட்டு, அவர் வாசிக்கக்கூடிய மொழியில் ஒரு பிரதியை அவரிடம் கொடுங்கள்.