உத்திரவு பெரிதா? அறிவு பெரிதா?

உலகத்தில் நடந்திருக்கிற பெரிய கொடுமைகளை எல்லாம் ஒன்றுவிடாமல் கணக்கெடுத்துப் பார்த்தால், அவற்றில் பெரும் பகுதி கெட்டவர்களால் செய்யப்பட்டவை அல்ல என்பது விளங்கும். "மேலே இருப்பவர் சொன்னார், நான் செய்தேன்" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கிய சாதாரண மனிதர்களாலேயே அவை செய்யப்பட்டிருக்கின்றன. ஆண்டவன் சொன்னான் என்று ஒருவன் செய்கிறான். சாஸ்திரம் சொல்லிற்று என்று ஒருவன் செய்கிறான். சர்க்கார் சொல்லிற்று என்று ஒருவன் செய்கிறான். "ஏன்?" என்ற ஒரு சிறு கேள்வியை இவர்கள் யாரும் கேட்பதில்லை.

அப்படிக் கேட்கவே கூடாது என்று கட்டுப்பாடுள்ள இடம் பட்டாளம். அந்தப் பட்டாளத்துக்குள்ளேயே, அதிலும் ஒரு பெரிய உத்தியோகத்தில் இருந்துகொண்டு, "இதை நான் செய்யமாட்டேன்" என்று சொன்ன ஒரு பிரஞ்சுக்காரரைப் பற்றியே இங்கு சில வார்த்தைகள் எழுதுகிறோம். அவர் பெயர் ஜாக் பாரி தெ பொல்லார்தியேர். ஆகாய விமானத்திலிருந்து குடையைக் கட்டிக்கொண்டு குதிக்கிற பாராசூட் படையில் தளபதியாய் இருந்தவர்.

இவர் கோழையா?

சண்டை வேண்டாம், சித்திரவதை வேண்டாம் என்று யாராவது சொன்னால், "அவன் பயந்தாங்கொள்ளி" என்று சொல்லி வாயை அடைப்பது வழக்கம். ஆகையால் இவருடைய யோக்கியதையை முதலில் பார்த்துவிடுவோம்.

இவர் 1907-ம் வருஷத்தில் பிரான்ஸ் தேசத்து ஷாத்தோப்ரியாங் ஊரில் பிறந்தவர். 1940-ல் நார்வே தேசத்து நார்விக் சண்டையில் ஜெர்மானியரை எதிர்த்தார். அவ்வருஷம் ஜூன் மாதம் பிரான்ஸ் விழுந்து, கிழவர் பெத்தேன் ஹிட்லரோடு சமாதானம் செய்துகொண்டு, எல்லோரும் ஆயுதத்தைக் கீழே வைக்கும்படி உத்திரவு போட்டார். பொல்லார்தியேர் அந்த உத்திரவை மீறிக் கடல் தாண்டி, லண்டனில் இருந்த தெ கோலிடம் போய்ச் சேர்ந்தார். அந்தத் தெ கோலுக்குப் பெத்தேன் சர்க்காரின் கோர்ட்டு பின்னர் மரணதண்டனை விதித்தது. பிறகு எரித்திரியாவில் போர் செய்தார். 1942-ல் எல் அலமீன் யுத்தத்தில் கண்ணிவெடியில் படுகாயம் அடைந்தார். 1944 ஏப்ரலில், ஜெர்மானியர் பிடித்து வைத்திருந்த பிரான்சின் ஆர்தென் காட்டுப் பிரதேசத்தில் இரவில் குதித்து, அங்கே ஒளிந்திருந்த வாலிபர்களைச் சேர்த்துப் படை திரட்டினார். 1945-ல் ஹாலந்தில் மறுபடியும் குதித்தார். விடுதலைப் போரின் மிகப் பெரிய விருது 1,038 பேருக்கே கொடுக்கப்பட்டது. அவர்களில் இவரும் ஒருவர்.

இதில் ஒரு விஷயத்தை வாசகர்கள் மனதில் வைக்கவேண்டும். ஆர்தென் காட்டில் 1944 ஜூனில் இவருடைய படையைச் சேர்ந்த 106 வாலிபர்கள் ஜெர்மானியரிடம் அகப்பட்டு, அடித்து வதைக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். சித்திரவதை என்பது என்ன என்று இவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

அல்ஜீரியா

யுத்தம் முடிந்தபின் இவர் இந்தோசீனாவில் பாராசூட் படைக்குத் தலைமை வகித்தார். அதாவது ஹிட்லரிடமிருந்து தன் நாட்டை மீட்டவர், இன்னொருவன் நாட்டைத் தன் நாட்டுக்காகப் பிடித்து வைக்கப் போனார். இதை நாம் மறைக்கப் போவதில்லை. அவருடைய கண் ஒரே நாளில் திறந்துவிடவில்லை.

பிறகு 1956-ல் அல்ஜீரியாவுக்குப் போனார். 1830 முதல் பிரஞ்சுக்காரர் ஆண்டுவந்த அந்நாட்டில், யுத்த காலத்தில் சுமார் 90 லட்சம் முஸ்லிம் ஜனங்களும் 10 லட்சம் ஐரோப்பியக் குடியேறிகளும் இருந்தார்கள். "அல்ஜீரியா எங்கள் தேசத்தின் ஒரு பாகம், எல்லோரும் சமம்" என்று பாரிஸ் சர்க்கார் சொல்லிற்று. ஆனால் 1947-ம் வருஷத்துச் சட்டப்படி ஏற்பட்ட அல்ஜீரிய சபையில் 10 லட்சம் பேருக்கு 60 ஸ்தானம், 90 லட்சம் பேருக்கும் 60 ஸ்தானம்! இந்தச் சமத்துவத்தின் யோக்கியதையை நம் வாசகர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

1954 நவம்பர் 1-ந் தேதி அல்ஜீரியர் ஆயுதம் எடுத்தார்கள். அதே நவம்பர் 1-ந் தேதிதான் புதுச்சேரி, காரைக்கால், மாஹி, ஏனாம் ஆகிய இடங்களின் நிர்வாகத்தைப் பிரஞ்சு சர்க்கார் இந்தியாவிடம் ஒப்படைத்தது. ஓரிடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர்கள், மற்றோரிடத்தில் ஏழரை வருஷம் இரத்தம் சிந்தவைத்தது ஏன்? அங்கே நல்ல நிலத்தை வளைத்துக்கொண்டு உட்கார்ந்த 10 லட்சம் பேர் இருந்தார்கள். இங்கே அப்படி இல்லை. தேசபக்தி, நாகரிகம், கௌரவம் என்ற பேச்சுக்களுக்கெல்லாம் அடியில் கிடந்தது இந்தக் கணக்கே.

1957 ஜனவரியில் அல்ஜியர்ஸ் நகரத்தின் போலீஸ் அதிகாரம் முழுவதும் ஜெனரல் மஸ்ஸூவிடமும் அவருடைய 10-வது பாராசூட் டிவிஷனிடமும் கொடுக்கப்பட்டது. இரவில் வீடு புகுந்து ஆட்களைப் பிடித்தார்கள். தண்ணீரில் மூச்சு முட்ட அமுக்கினார்கள். பட்டாளத்து டெலிபோனுக்கு மின்சாரம் உண்டாக்கும் கைச்சக்கரத்தைச் சுற்றி, கம்பியை உடம்பில் வைத்தார்கள். போனவர்களில் பலர் திரும்பவில்லை. அல்ஜியர்ஸ் போலீசின் தலைமைக் காரியதரிசி போல் தெட்ஜென் என்பவர், காணாமற்போனவர்கள் 3,024 பேர் என்று கணக்கிட்டார். இவர் ஹிட்லரின் போலீசாரிடம் வதைபட்டு, தாஹௌ சிறைமுகாமில் கிடந்து மீண்டவர். தான் பட்ட அதே காயங்களைக் கைதிகளின் உடம்பில் கண்டதாகச் சொல்லி, 1957-லேயே உத்தியோகத்தை விட்டார்.

பொல்லார்தியேர் செய்தது

பொல்லார்தியேர் அப்போது அல்ஜியர்சுக்குத் தெற்கே அட்லஸ் மலைப் பகுதிக்குத் தளபதி. 1956 டிசம்பரில்தான் ஜெனரல் பதவி கிடைத்திருந்தது. தன் பகுதியில் சித்திரவதை கூடாதென்று கண்டிப்புச் செய்து, கிராமத்தாருக்கு வேலையும் கூலியும் கிடைக்க வழி செய்துகொண்டிருந்தார். "அந்த வேலை பிறகு இருக்கட்டும், போலீஸ் வேலையை முதலில் துரிதப்படுத்து" என்று மேலிருந்து உத்திரவு வந்தது. அதன் அர்த்தம் அவருக்குத் தெரியும். 1957 மார்ச் மாதம் மஸ்ஸூவிடம் நேரில் போய் மறுத்துவிட்டு, தன்னைப் பொறுப்பிலிருந்து நீக்கும்படி எழுதிக் கொடுத்தார்.

அதோடு விடவில்லை. அவருக்குக் கீழே லெப்டினண்டாக இருந்த செர்வான் ஷ்ரைபர் என்ற பத்திரிகாசிரியர் பட்டாளத்தின் நடத்தையைப் பற்றி எழுதியதற்காக வழக்கில் மாட்டப்பட்டார். அவரை ஆதரித்துப் பொல்லார்தியேர் எழுதிய கடிதம் மார்ச் 29-ந் தேதி 'லெக்ஸ்பிரஸ்' பத்திரிகையில் வெளிவந்தது. உடனே ஆகவேண்டிய காரியத்துக்காக என்று சொல்லிக்கொண்டு, பிரஞ்சு நாகரிகத்தின் மதிப்பையே பறிகொடுப்பது பயங்கரமான ஆபத்து என்பது அதன் சாரம்.

இதற்குச் சன்மானம் என்ன? 60 நாள் கோட்டைச் சிறை.

தோழர்களே, இந்த இடத்தில் சற்று நின்று யோசியுங்கள். 1940-ல் உத்திரவை மீறினார், மெடல் கொடுத்தார்கள். 1957-ல் உத்திரவை மறுத்தார், சிறை கொடுத்தார்கள். மனிதர் ஒருவரே, காரணமும் ஒன்றே. உதைபட்டவன் பிரஞ்சுக்காரனாயிருந்தால் மறுப்பது வீரம், அல்ஜீரியனாயிருந்தால் மறுப்பது துரோகம். இதுதான் அவர்களுடைய நீதி.

எதிரிகள் சொல்லும் சமாதானம்

"வெடிகுண்டு வைத்தவனைப் பிடித்துக் கொஞ்சுவதா? நாலு அடி அடித்தால் நாற்பது உயிர் பிழைக்குமே" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விபோலவே தோன்றும். 1956 செப்டம்பர் 30-ந் தேதி அல்ஜியர்ஸ் காப்பிக் கடைகளில் அல்ஜீரியர் வைத்த குண்டு, சண்டைக்குச் சம்பந்தமில்லாத ஜனங்களைக் கொன்றது என்பதும் உண்மையே. அதை நாம் ஆதரிக்கவில்லை.

ஆனால் குண்டு வைத்தவன் இன்னான் என்று தெரிந்தபின் ஒருவனைப் பிடித்து அடிக்கவில்லை. யார் என்று தெரிந்துகொள்வதற்காக ஆயிரக்கணக்கானவரைப் பிடித்து அடித்தார்கள். அடி பொறுக்கமாட்டாதவன் வாய்க்கு வந்த பெயரைச் சொல்லுவான். அந்தப் பெயருக்குரியவனைப் பிடித்து அடித்தால் அவன் இன்னொரு பெயரைச் சொல்லுவான். இதற்கு விசாரணை என்று பெயர்! மோரிஸ் ஓதான் என்ற 25 வயது கணித ஆசிரியர் 1957 ஜூனில் வீட்டிலிருந்து பிடித்துப் போகப்பட்டார். அவருடைய உடல்கூட மனைவிக்குக் கிடைக்கவில்லை.

பலன்தான் என்ன? அவ்வருஷக் கடைசிக்குள் நகரத்தில் குண்டுகள் நின்றன. "ஜெயித்துவிட்டோம்" என்றார்கள். 1962 ஜூலையில் அல்ஜீரியா சுதந்திரம் அடைந்துவிட்டது. தகப்பனை வதைத்த வீட்டில் மகன் ராஜபக்தி கற்றுக்கொள்ளமாட்டான் என்பதற்கு மேதாவிகள் வேண்டுமா?

மின்சாரத்தைத் தன் உடம்பிலும் வைத்துப் பார்த்ததாக மஸ்ஸூ பிற்காலத்தில் பெருமையாகச் சொன்னார். தன் சொந்த ஆபீசில், தன் ஆட்கள் கையால், "நிறுத்து" என்றால் நின்றுவிடும் என்ற நிச்சயத்தோடு வைத்துக்கொண்டதும், எதிரி கையில் எப்போது நிற்கும் என்று தெரியாமல் கிடப்பதும் ஒன்றாகுமா? விரதம் இருக்கிறவன் பட்டினி கிடக்கிறவனைப் பார்த்து, "எனக்கும் பசி தெரியும்" என்று சொல்வதுபோல் இல்லையா?

பாதிரியாரின் அருள்வாக்கு

இனி மதத்தின் சங்கதிக்கு வருவோம். சில சிப்பாய்களுக்கு இந்தக் கொடுமையைப் பார்த்து மனம் உறுத்திற்று. அந்த உறுத்தலுக்கு மருந்து கொடுத்தவர் அதே 10-வது டிவிஷனின் பாதிரியார் தெலாரு. இரண்டு தீமைகளில் சிறிய தீமையைத் தேர்ந்துகொள்ளலாம் என்று தர்க்கம் செய்து, கடுமையான விசாரணைக்குச் சமாதானம் சொல்லும் ஒரு பிரசுரத்தை 1957 மார்ச்சில் எழுதினார். அது பட்டாளத்தில் பரப்பப்பட்டது.

"பொல்லார்தியேரும் கத்தோலிக்கர்தானே! அல்ஜியர்ஸ் ஆர்ச்பிஷப் துவாலும் சித்திரவதையைக் கண்டித்தாரே!" என்று மதவாதிகள் கேட்கலாம். வாஸ்தவம். மூவரும் ஒரே கடவுளைத் தொழுதார்கள், ஒரே வேதத்தைப் படித்தார்கள். ஒருவர் அதிலிருந்து 'வதைக்கலாம்' என்று எடுத்தார். மற்ற இருவர் 'கூடாது' என்று எடுத்தார்கள். அப்படியானால் தீர்ப்புச் சொன்னது வேதமா? வேதத்தை வைத்துக்கொண்டு எந்தப் பக்கமும் பேசலாம் என்றால், பேசவைத்தது அவரவர் மனமும் அறிவும்தான் அல்லவா? நல்லவன் எந்தப் புத்தகத்தை வைத்திருந்தாலும் நல்லது செய்வான். ஆனால் கெட்ட காரியத்துக்கு மனச்சாட்சி கூசும்போது, அந்தக் கூச்சத்தைப் போக்கி அனுப்புவதற்குப் புரோகிதன் ஒருவன் வேண்டியிருக்கிறது. இது எந்த மதத்துக்கும் பொது.

பிறகு நடந்தவை

மேலதிகாரியின் உத்திரவே தெய்வம் என்று பேசிய தளபதிகளில் சிலர், 1961 ஏப்ரலில் தங்கள் சர்க்காரின் மீதே துப்பாக்கியைத் திருப்பினார்கள். அந்தக் கலகத்தின் நான்கு தலைவர்களில் ஒருவர் சலான். அவர் 1957-ல் அல்ஜீரியப் படை முழுவதற்கும் தலைவர்! கலகத்தில் முன்னின்றது ஒரு பாராசூட் ரெஜிமெண்டு. அவ்வருஷமே பொல்லார்தியேர் பட்டாளத்தை விட்டு வெளியேறினார்.

1962 மார்ச்சில், சண்டையின்போது நடந்த குற்றங்களுக்கெல்லாம் பொதுமன்னிப்பு வந்தது. வதைத்தவர்கள் யாரும் கூண்டில் ஏறவில்லை. 2001-ல் ஒஸ்ஸாரெஸ் என்ற பாராசூட் அதிகாரி, தலைவர் லார்பி பென் மிஹிதியையும் வக்கீல் அலி பூமென்ஜெல்லையும் கொல்வித்தது தாமே என்று புத்தகம் எழுதினார். அதுவரை இருவரும் 'தற்கொலை' செய்துகொண்டதாகவே சொல்லப்பட்டது. கோர்ட்டு அவருக்கு 7,500 ஈரோ அபராதம் போட்டது. கொன்றதற்கு அல்ல, கொன்றதை நியாயப்படுத்தி எழுதியதற்கு! மஸ்ஸூ தமது 92-வது வயதில், 2000-ம் வருஷத்தில், சித்திரவதை இல்லாமலே காரியத்தை நடத்தியிருக்கலாம் என்று வருத்தப்பட்டார். பிரஞ்சு ஜனாதிபதி மக்ரோன் 2018-ல் ஓதான் விஷயத்தையும், 2021-ல் பூமென்ஜெல் விஷயத்தையும், 2024-ல் பென் மிஹிதி விஷயத்தையும் ஒப்புக்கொண்டார். பொல்லார்தியேர் 1957-ல் சொன்னதை ஒப்புக்கொள்ள ஒரு சர்க்காருக்கு அறுபது வருஷத்துக்கு மேல் பிடித்தது.

அவரோ 1973-ல், பசிபிக் சமுத்திரத்தில் தன் நாட்டார் அணுகுண்டு வெடித்துச் சோதிப்பதைத் தடுக்கச் சிறு கப்பலில் போய், தன் நாட்டுக் கடற்படையாலேயே பிடிக்கப்பட்டார். 1986-ல் காலமானார்.

முடிவு

இவருக்கு மாலை போட்டுக் கும்பிடச் சொல்லி நாம் இதை எழுதவில்லை. ஒரு மனிதரைக் கும்பிடுவதும் கேள்வி கேட்காத குணத்தின் இன்னொரு உருவந்தான். மேலும் இந்தோசீனாவில் இவர் யாருக்காகச் சண்டை போட்டார் என்பதையும் மேலே சொல்லியிருக்கிறோம்.

நாம் சொல்லுவது இதுதான். 60 நாள் சிறை, பதவி நஷ்டம், சக உத்தியோகஸ்தரின் ஏச்சு ஆகியவற்றைத் தாங்கிக்கொண்டு ஒரு ஜெனரல் "மாட்டேன்" என்று சொல்ல முடிந்தது. பட்டாளத்தில் இல்லாத நமக்கு, ஊரார் சொன்னார்கள், பெரியவர்கள் சொன்னார்கள், சாஸ்திரம் சொல்லிற்று என்பதற்காக, இன்னொரு மனிதனைத் தெருவில் தாழ்வாக நடத்தும்படி வரும் உத்திரவை மறுக்க என்ன தடை இருக்கிறது? நம்மை யார் கோட்டையில் போடப்போகிறார்கள்?

உத்திரவு கொடுத்தவன் பெயர் காகிதத்தில் இருக்கும். செய்தது நம் கை. இன்னொருவன் உத்திரவுக்காக அந்தக் கையை நீட்டுமுன், "ஏன்?" என்று ஒரு தரம் கேட்டுப் பார்க்கும்படி தோழர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.