பெர்மிட்டில் என் பெயர்

பெற்ற பிள்ளையைப் பார்க்கப் போவதற்குக்கூட சர்க்காரிடம் அனுமதிச் சீட்டா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன்.

எங்கள் வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஊர்கள் நிறைய. என் மூத்தவனும் போனான். அருணாசலப் பிரதேசத்தில் தவாங்கில் போட்டுவிட்டார்கள். தீபாவளிக்கும் லீவு இல்லை, பொங்கலுக்கும் இல்லை. முகம் பார்த்துப் பதினான்கு மாதம். "எனக்கு ஒருநாள் வெளியே வர அனுமதி கிடைக்கும்மா, நீங்களே வந்துடுங்க" என்றான்.

அந்த மாநிலத்துக்குள் நுழைய 'இன்னர் லைன் பெர்மிட்' வேண்டும். 1873ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம். மலை ஜனங்களின் நிலம் வெளியார் கைக்குப் போகாதிருக்க இன்றும் வைத்திருக்கிறார்கள். நாகாலாந்து, மிசோரமுக்கும் உண்டு. மணிப்பூருக்கு 2019ல் வந்தது.

விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரிலேயே அனுப்பலாம். போட்டோ, அடையாள அட்டை, போகும் ஊர், தேதி, அவ்வளவுதான். ஆனால் தட்டிக் கொடுத்த பையன், ஆதாரில் வெறும் 'வசந்தா' என்றிருப்பதை விட்டு, இவர் பெயரையும் சேர்த்து அடித்துவிட்டான். நானும் சரிபார்க்கவில்லை. சீட்டு கைக்கு வந்தபோது கிளம்ப ஆறே நாள். "இதையெல்லாம் யார் பார்க்கப் போறாங்க?" என்றார் இவர். ஷூ கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர் பேசுகிற பேச்சா இது! எனக்குத் தூக்கமே வரவில்லை. மறுபடி பணம் கட்டி, மறுபடி அனுப்பி, புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது சரியான சீட்டு வந்தது. அட்டையில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடச் சொல்லுங்கள், சகோதரிகளே. நாலு பிரதியும் எடுத்துக்கொள்ளுங்கள். பாலுக்போங் சாவடியில் வாங்கிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள்.

காட்பாடியில் ஏறிய ரயிலில் பாதிப் பேர் வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்பும் வடகிழக்கு ஜனங்கள். குவஹாத்தியிலிருந்து கார்.

தவாங் பத்தாயிரம் அடி உயரம். வழியில் சேலா கணவாய் பதின்மூவாயிரத்துக்கும் மேல். 2024ல் சுரங்கப் பாதை திறந்துவிட்டார்கள், ஆனாலும் இவருக்குக் கணவாயைப் பார்த்தே ஆக வேண்டும். அங்கே என் பையிலிருந்த சிப்ஸ் பாக்கெட் பலூனாட்டம் உப்பிவிட்டது! காற்றின் அழுத்தம் அவ்வளவு குறைவு. நம் உடம்பு சும்மா இருக்குமா? தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரும். திடகாத்திரமான ஆளையும் விடாது. அதனால்தான் ஒரே மூச்சில் ஏறாமல் திராங்கில் இரண்டு ராத்திரி தங்கினோம். தலைவலி அதிகமானால் மேலே ஏறாதீர்கள், கீழே இறங்கிவிடுங்கள். பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கைக்குழந்தைக்காரிகள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பவே வேண்டாம்.

பூம்லா எல்லைக்குத் தவாங்கிலேயே தனிச் சீட்டு வாங்க வேண்டுமாம். இவர் ஆசைப்பட்டார். எனக்கு அங்கே என்ன வேலை?

பிள்ளை வந்தான். கன்னமெல்லாம் குளிரில் வெடித்திருந்தது. முறுக்கு, புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி எல்லாவற்றையும் பரப்பி வைத்தேன். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு, "ஆம்பூர்லேர்ந்து வந்துட்டு பிரியாணி இல்லையாம்மா?" என்றான்.