உடம்பும் ஒரு முதுசொம்

சோதனைக்குழாய்க் கருவாகத் தோன்றி 1978இல் இங்கிலாந்திலே பிறந்த லூயிஸ் பிரௌண், 2006இல் இயற்கையாகவே கருவுற்றுத் தாயானார். அவ்வழி வந்தோர்க்கு மகப்பேறு வாயாது என்ற அச்சம் பொய்த்தது. ஆயினும் ஒன்று கருதத்தக்கது.

தந்தையரின் விந்துக்குறை காரணமாக, ஒற்றை விந்தணுவை ஊசியாற் கருமுட்டையுட் செலுத்தும் முறையிற் பிறந்த இளைஞர் 54 பேரைப் பிரஸல்ஸ் ஆய்வாளர் ஆராய்ந்து, 2016இல் முடிபு வெளியிட்டனர். இயற்கையாய்க் கருவுற்றுப் பிறந்தாரை நோக்க, இவர்தம் விந்தணுச் செறிவு ஏறத்தாழ அரைப்பங்கே. இது மலடன்று, செய்முறையின் குற்றமென்று துணிதற்கும் இல்லை. தந்தையின் குறை மரபுவழி மைந்தனைச் சார்தலும் கூடும். முன்னரே அறிந்தவன் உரிய பருவத்திற் பரிசோதித்துக்கொள்வான். ஊர்ப்பழிக்கு அஞ்சிப் பிறப்பு வரலாற்றை மறைக்கும் பெற்றோர் அவ்வாய்ப்பைப் பறிக்கின்றனர்.

காணி உறுதியை மைந்தனுக்குக் காட்டும் தந்தை, உடம்பாகிய முதுசொம் பற்றி மட்டும் வாய்திறவாதிருத்தல் முறையோ?