பாரிஸில் ஒரு முகவரி

சில வாரங்களுக்கு முன்னர் ஓர் இரவு, என் அண்ணன் மகன் பாரிஸிலிருந்து தொலைபேசியில் அழைத்தான். கொழும்பில் கணினித்துறையில் பணியாற்றியவன் அவன். லா டிஃபான்ஸ் பகுதியிலுள்ள அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்து, மனைவியையும் எட்டு வயது மகளையும் அழைத்துக்கொண்டு அங்கு சென்றிருக்கிறான்.

"சித்தப்பா, லாச்சப்பலுக்குக் கிட்ட ஒரு வீட்டில அறை இருக்குதாம். எங்கட ஆக்கள்தான். கடை, கோயில் எல்லாம் பக்கத்தில. ஒப்பந்தம், கடிதம் ஒண்டும் தேவையில்லையாம். காசைக் கையில குடுத்தால் நாளைக்கே வரலாமாம். எடுக்கட்டோ?" என்று கேட்டான்.

வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான். தொலைபேசியில் சொல்லி முடிக்க இயலவில்லை. அவனைப்போல் பலர் இதே கேள்வியோடு இருக்கக்கூடும் என்பதால் என் கருத்தை இங்கு எழுதுகிறேன்.

லாச்சப்பலை நான் குறைத்து மதிப்பவனல்லன். கார் து நோர் ரயில் நிலையத்தின் பின்புறமுள்ள அந்தத் தெருக்களில் முருங்கைக்காயும் வாங்கலாம், தமிழ்ப் பத்திரிகையும் வாங்கலாம். 1985 இல் நிறுவப்பட்ட மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர் கோடையின் முடிவில் அவ்வீதிகளில் வலம் வருகையில் கண் கலங்கி நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். மொழி தெரியாத நகரில் முதல் சில வாரங்களுக்கு அது பெரிய ஆறுதல் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கு கடை நடத்துவோரிலும் சாமான் வாங்க வருவோரிலும் பலர் அங்கே வசிப்பவர்கள் அல்லர். மாலையானதும் 7 ஆம் இலக்க மெட்ரோவில் லா கூர்நெவ்வுக்கும், 5 ஆம் இலக்க மெட்ரோவில் பொபினிக்கும், ரயிலேறி சார்செல்லுக்கும் திரும்பிவிடுகிறார்கள். லாச்சப்பல் நமது சந்தை. சந்தைக்கு நடுவில்தான் குடியிருக்க வேண்டும் என்பதில்லை.

நான் அந்த அறையை வேண்டாம் என்றதற்குக் காரணம் ஒரு பழைய நண்பர். எங்கள் பத்திரிகையில் ஒப்புநோக்காளராக இருந்தவர். 1990களின் நடுப்பகுதியில் பாரிஸ் சென்று அகதி அந்தஸ்துக்கு விண்ணப்பித்தார். ஓர் அறையில் ஏழு பேர் இருந்தார்கள். அங்கே தபாற்பெட்டியில் பெயர் போட வாடகைக்கு விட்டவர் சம்மதிக்கவில்லை. ஆகவே தெரிந்த ஒருவரின் முகவரியைக் கொடுத்திருந்தார். அந்த மனிதர் சொல்லாமலே வீடு மாறிவிட்டார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட பதிவுத்தபால் பழைய முகவரிக்குப் போனது. பிரான்ஸில் பதிவுத்தபாலைத் தபாலகம் 15 நாட்கள் வைத்திருக்கும். எவரும் வராவிட்டால் திருப்பி அனுப்பிவிடும். மேன்முறையீட்டுக்கான தவணை ஒரு மாதம். நண்பருக்கு விடயம் தெரியவந்தபோது அந்த ஒரு மாதமும் கடந்திருந்தது. பிறகு அவர் வதிவிட அனுமதி பெற்று மனைவி பிள்ளைகளை அழைக்க எட்டு ஆண்டுகள் சென்றன.

"அண்ணை, ஏழு பேருக்கும் கூரை இருந்தது. ஒருத்தனுக்கும் முகவரி இருக்கேல்லை" என்று பின்னொரு நாள் அவர் சொன்னார்.

என் அண்ணன் மகன் அகதியல்லன். ஆயினும் வங்கிக் கணக்கு, வதிவிட அனுமதிப் புதுப்பிப்பு, பிள்ளையின் பாடசாலை அனுமதி என எங்கு சென்றாலும் வதிவிடச் சான்று கேட்பார்கள். மின் கட்டணச் சிட்டையோ வாடகைப் பற்றுச்சீட்டோ சொந்தப் பெயரில் இல்லாதவன், தன்னை வைத்திருப்பவரின் கடிதத்துக்காகக் காத்து நிற்க வேண்டும். பணம் கொடுத்தும் பிறர் தயவில் வாழும் நிலை அது.

வாடகைக் குடியிருப்பாளரைப் பாதுகாக்க 1989 ஜூலை 6 ஆம் திகதிய சட்டம் இருக்கிறது. தளபாடமில்லாத வீட்டுக்கு ஒரு மாத வாடகைக்கு மேல் வைப்புப்பணம் கேட்க முடியாது. பிரதான அறை குறைந்தது 9 சதுர மீற்றர் பரப்பும் 2.20 மீற்றர் உயரமும், அல்லது 20 கன மீற்றர் கொள்ளளவும் கொண்டிருக்க வேண்டும். நவம்பர் முதல் மார்ச் இறுதிவரை குளிர்காலத்தில் குடியிருப்பவரை வெளியேற்ற இயலாது. ஆனால் கையில் ஒப்பந்தம் இல்லாதவன் இந்த உரிமைகளைக் காட்டி வாதாடுவது மிகக் கடினம்.

வாடகையைப்போல் மூன்று மடங்கு சம்பளம் கேட்கும் வீட்டுச் சொந்தக்காரரிடம் புதிதாக வந்தவன் என்ன செய்வான் என்ற கேள்வி நியாயமானது. இதற்கென்றே விசால் என்ற இலவச வாடகை உத்தரவாதத் திட்டம் 2016 முதல் நடைமுறைக்கு வந்தது. 30 வயது வரையுள்ளோரும், அதற்கு மேற்பட்ட தொழிலாளருள் நிபந்தனைகளுக்கு உட்பட்ட சிலரும் இதில் சேரலாம். வேலை கொடுத்த நிறுவனத்திடமும் கூச்சமின்றி உதவி கேட்கலாம்.

சரி, எந்த இடம்? 75 என்று தொடங்கும் பாரிஸ் தபாற்குறிக்காகப் பணத்தைக் கொட்டுவதும், 93 என்றால் முகம் சுழிப்பதும் நம்மவரிடையேயும் உண்டு. 2005 ஒக்ரோபரில் பொலிஸாருக்கு அஞ்சி மின்நிலையத்துள் ஒளிந்த இரு சிறுவர்கள் இறந்ததை அடுத்து கலவரம் மூண்ட கிளிஷி-சூ-புவா பாரிஸிலிருந்து 15 கிலோமீற்றர் தூரந்தான். ஆனால் அங்கு ஒரு ரயில் நிலையம் இருக்கவில்லை. டிராம் வந்ததே 2019 டிசம்பரில். அந்த ஊரைத் தலைநகரிலிருந்து பிரித்து வைத்தது தூரத்தைவிடப் பயண நேரமே. வசிக்கும் ஊரைக் காரணமாக்கிப் பாகுபாடு காட்டுவதை 2014 இல் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்து, முகவரி அங்கு எவ்வளவு கனமானது என்பதை உணரலாம்.

ஆகவே வரைபடத்தை விட்டு ரயில் நேர அட்டவணையைப் பார்க்கச் சொன்னேன். 2015 செப்டெம்பர் முதல் நவிகோ மாதாந்த அட்டைக்கு எல்லா வலயங்களுக்கும் ஒரே கட்டணம். எனவே தொலைவில் இருப்பவனுக்கு மேலதிகச் செலவு இல்லை. 2024 மே மாதம் ஆர்.ஈ.ஆர். 'ஈ' பாதை லா டிஃபான்ஸ் வரை நீண்டது. அதனால் கிழக்கேயுள்ள பொந்தி போன்ற ஊர்கள் அவனது அலுவலகத்தை நெருங்கிவிட்டன. இன்னொன்று, பிள்ளை எந்த அரச பாடசாலைக்குச் செல்வது என்பதை வீட்டு முகவரியே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. எனவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் அந்தப் பாடசாலை வாசலில் ஒரு மாலைப்பொழுது நின்று பார்த்துவிட்டு வா என்றேன்.

கோயிலுக்கும் கடைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் போகலாம். பாடசாலைக்கும் வேலைக்கும் வாரநாட்களில் விடியற்காலையிலேயே புறப்பட வேண்டும். வீட்டை அவற்றுக்கேற்பத் தெரிவதே அறிவுடைமை.

அந்த நண்பர் இப்போது லா கூர்நெவ்வில் சொந்தத் தொடர்மாடி வீட்டில் இருக்கிறார். நான் சென்ற அன்று, மாடிக்கு அழைத்துச் செல்லுமுன் கீழே வாசலில் நிறுத்தித் தன் பெயர் பொறித்த தபாற்பெட்டியைத்தான் முதலில் காட்டினார். அண்ணன் மகனுக்கும் அதையே சொல்லி முடித்தேன்: அறையைப் பார்க்குமுன், தபாற்பெட்டியில் உன் பெயரை எழுத விடுவார்களா என்று கேள். விடமாட்டோம் என்றால், அது எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடு.