ஒரு மாத்திரை, ஒன்பது காரணம்

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் லிஸ்ட்டைப் பாருங்க. 'ஹார்ட் அட்டாக்கை முன்கூட்டியே சொல்லும் ஸ்மார்ட் வாட்ச்' எப்படியும் ரெண்டு மூணு இருக்கும். நல்ல விஷயம்தான். ஆனா முத்துப்பேட்டையில ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தருக்கு நெஞ்சு வலிச்சா? வாட்ச் அலாரம் அடிக்கும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியோ அறுபது கிலோமீட்டருக்கு மேல. நடுவுல இருக்கிற அந்த நேரத்துக்கு யார் பதில் சொல்றது?

அதுக்கு உதவுற ஆராய்ச்சியைச் செய்தவர்களில் ஒருவர் டாக்டர் சலீம் யூசுஃப். கேரளாவின் கொட்டாரக்கரையில் பிறந்தவர். பெங்களூரு செயின்ட் ஜான்ஸில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டு போனவர். அங்கே அவரும் சேர்ந்து உருவாக்கிய ஐசிஸ் ஆய்வு வரிசையில் இரண்டாவது, 1988-ல் வெளிவந்தது. மாரடைப்பு சந்தேகத்தோடு வந்த 17,187 பேரிடம் நடந்த சோதனை அது. சாதாரண ஆஸ்பிரின் மாத்திரையே ஐந்து வாரத்தில் மரணங்களை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தது. இன்னைக்கு தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன்பே ஆஸ்பிரின் உள்ளிட்ட மாத்திரைகளைக் கொடுக்கிறாங்க. 2023-ல் வந்த 'இதயம் காப்போம்' திட்டம் அது.

அவர் அதோட நிறுத்தல. 52 நாடுகளில் நடத்தி 2004-ல் வெளிவந்த இன்டர்ஹார்ட் ஆய்வு, முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் 90 சதவீதத்துக்கு மேல் ஒன்பது காரணங்களில் அடங்கும்னு காட்டியது: புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கறி-பழம் குறைவு, உடலுழைப்பு குறைவு, மது சார்ந்த பழக்கம். அதே தரவுகளில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்றவர்களைவிட ஏறக்குறைய ஆறு வருஷம் முன்னாடியே.

53. நம்மில் பலரோட அப்பா வயசு.

என் கருத்து இதுதான்: நல்ல ஆராய்ச்சிங்கிறது கேத் லேப் இல்லாத ஊரிலும் வேலை செய்யணும். நாம எடுக்கிற ப்ராஜெக்ட்டையும் அப்படித்தான் அளக்கணும். பிபி மாத்திரையைப் பாதியில் விட்டவங்களைக் கண்டுபிடிச்சு, கிராம சுகாதார செவிலியருக்குச் சொல்ற ஒரு சின்ன ஆப், எத்தனையோ வாட்ச்களைவிட அதிக உயிரைக் காப்பாத்தலாம். 2021-லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே மாத்திரை கொண்டு வருது. அதைத் தொடர்ந்து சாப்பிட வைக்கிறதுதான் மிச்சமிருக்கிற வேலை.

ஆப் வரும்போது வரட்டும். அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனா, அப்பா அம்மாவுக்கு பிபியும் சர்க்கரையும் பார்த்துடுங்க. நெஞ்சு வலின்னா 'வாயுப் பிடிப்பு'ன்னு சோடா வாங்கிக் கொடுக்காம, உடனே 108-ஐ அழைங்க.